பெரியவர்கள் படித்த வேதம் (வரலாற்றுத் தொடர் – பகுதி 9)

1623ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காவியுடுத்த சந்நியாசி ஒருவர் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டார். காலில் பாதக்குறடு, கையில் தண்டமும் கமண்டலமும், கூடவே சில சீடர்கள். நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு, அதிலும் கறி மீன் கிடையாது. ஊர்க்காரர்கள் அவரை ஐயர் என்று அழைத்தார்கள். தத்துவபோதகர் என்ற பெயரும் உண்டு. பிறந்தது இத்தாலியில், 1577இல். இயேசு சபைக் குருவான ராபர்ட் தெ நொபிலிதான் அவர். மதுரைக்கு வந்து பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. தமிழோடு தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றிருந்தார்.

முதலில் திருச்சிராப்பள்ளி. அப்போது மதுரை நாயக்கர்களின் தலைநகர் அங்கேதான் இருந்தது. அங்கிருந்து காவிரியைக் கடந்து அவர் வந்து சேர்ந்த இடம், இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் சேந்தமங்கலம். அந்த ஊரை ஆண்டவர் ராமச்சந்திர நாயக்கர், மதுரைக்குக் கப்பம் கட்டிய சிற்றரசர். நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவராக மக்கள் சொல்லும் பெயரும் அதுவே. நாயக்கர் சந்நியாசியை மரியாதையோடு வரவேற்றார், தங்குவதற்கு மனையும் கொடுத்தார். இதே சேந்தமங்கலத்துக்கு இந்தப் பகுதியில் நாம் இரண்டு முறை போகப்போகிறோம். இரண்டாவது பயணம் 1907இல். இடையில் 284 ஆண்டுகள்.

போன பகுதியில் கடற்கரையைப் பார்த்தோம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். தமிழில் எழுதி வாங்கிய செபங்களை அவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தார். வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று அனுப்பினார். அங்கே பரதவர்கள் ஊரோடு ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். பாடம் பிறகுதான் வந்தது. பிள்ளைகள் வழியாகப் பெற்றோரை எட்டுவது அந்தச் சூழலுக்கு ஏற்ற வழி. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் 1578இல் அச்சிட்ட தம்பிரான் வணக்கமும் அந்த மக்களின் தேவைக்காகப் பிறந்த புத்தகம்தான்.

சேலத்துச் சமவெளியில் நிலைமை நேர்மாறு. இங்கே போர்த்துகீசியக் கப்பலும் இல்லை, அதன் நிழலில் கிடைக்கும் பாதுகாப்பும் இல்லை. வருகிறவர் தனியாள். கேட்கிறவர்கள் தங்கள் சாத்திரமும் சடங்கும் குலமரியாதையும் உள்ள பெரியவர்கள். அவர்களிடம் மணியடித்தால் யாரும் வரப்போவதில்லை. எதிரே உட்கார்ந்து பேச வேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், பதில் போதவில்லை என்றால் மறுநாளும் உட்கார வேண்டும்.

நொபிலிக்கு இந்தப் பாடத்தைக் கற்றுத் தந்தது மதுரைதான். அங்கே அவரிடம் முதலில் வாதாட வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். நாளுக்கு நாலைந்து மணி நேரம், இருபது நாள் இருவரும் பேசினார்கள். கடவுள் ஒருவரா பலரா, ஒன்றுமில்லாமையிலிருந்து உலகம் எப்படி உண்டாகும், உயிர் உடல் மாறிப் பிறக்குமா என்று கேள்வி மேல் கேள்வி. இருபது நாளுக்குப் பிறகுதான் அந்த ஆசிரியர் ஞானஸ்நானம் கேட்டார், ஆல்பர்ட் என்ற பெயரும் பெற்றார். இந்த மண்ணில் கிறிஸ்தவக் கல்விக்கு ஒரு தொடக்கப்புள்ளி வைக்கச் சொன்னால் நான் இங்கேதான் வைப்பேன். ஓர் ஆசிரியரே மாணவராக உட்கார்ந்திருக்கிறார். ஒப்புக்கொள்ளாததை ஒப்புக்கொண்டதாகக் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அந்தப் பேச்சுகளின் வளர்ச்சிதான் நொபிலியின் ஞானோபதேசம். அறிவைக் கொண்டு எதுவரை போகலாமோ அதுவரை முதலில் போவது, அதற்குப் பிறகே வேதம் மட்டும் சொல்லும் மறைபொருள்களைத் திறப்பது என்பது அதன் ஒழுங்கு. அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அது கேரளத்து அம்பழக்காட்டில் அச்சேறியது. நம் காலத்தில் இயேசு சபையைச் சேர்ந்த இராசமாணிக்கம் அடிகளார் 1960களில் நொபிலியின் நூல்களைத் தேடியெடுத்துத் தூத்துக்குடியிலிருந்து பதிப்பித்தார். அந்த உரைநடையை இன்று வாசிக்கும்போது வடமொழிச் சொற்கள் தடுக்கும். ஆனால் எதிரில் இருப்பவரை அறிவுள்ளவராக எண்ணிப் பேசும் தொனி ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்.

சேந்தமங்கலத்திலிருந்து அவர் சேலம் போனார். அங்கே வரவேற்பு அப்படி இல்லை. யாரும் வீடு கொடுக்கவில்லை. சாவடியில் கிடந்து நோய்வாய்ப்பட்டார். நாளாக நாளாகத்தான் ஊர் அவரை ஏற்றது. சேலத்தை ஆண்டவரை இயேசு சபைக் கடிதங்கள் சேலபட்டி நாயக்கர் என்று குறிப்பிடுகின்றன. அவருடைய நட்பும் பிறகு கிடைத்தது. ஆனால் பாடத்துக்கு வந்தவர் அவர் இல்லை, அவருடைய அண்ணன் திருமங்கல நாயக்கர். தம்பியிடம் ஆட்சியைப் பறிகொடுத்துவிட்டு இருந்தவர். அதிகாரம் கையைவிட்டுப் போனவருக்குக் கேட்கவும் யோசிக்கவும் நேரமும் மனமும் இருந்தன.

அந்த வீட்டில் பாடம் ஒருவருக்காக நடக்கவில்லை. நாயக்கரின் பிள்ளைகளும் கேட்டார்கள், கற்றார்கள். நாயக்கர் வீட்டுப் பேச்சு தெலுங்கு. நொபிலிக்குத் தெலுங்கும் வரும் என்பது இங்கே பெரிய உதவி. 1625இல் திருமங்கல நாயக்கர் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றார். சங்ககிரிப் பக்கத்து மோரமங்கலம் அதன்பிறகு இந்தச் சமவெளி மறைப்பணியின் தங்குமிடங்களில் ஒன்றானது. நொபிலி இந்தப் பக்கம் காலடி வைத்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அவசரமே காட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த வரலாற்றில் நான் மறைக்க விரும்பாத பக்கம் ஒன்று இருக்கிறது. நொபிலி உயர்குலத்தவரை நாடிப் போனார். அவர்களுக்கு ஏற்ற உடை, உணவு, நடையுடை பாவனை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் கிறிஸ்தவர்களுக்கு ஆகுமா என்ற வழக்கு கோவாவிலிருந்து ரோம்வரை போனது. திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623 ஜனவரி 31 அன்று நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நொபிலி மதுரையை விட்டுக் கிளம்பிய அதே ஆண்டு. தீர்ப்பை எழுதிய அதே கை, குலப்பெருமை உள்ளவர்கள் எளியவர்களை இகழக்கூடாது, கோவிலில் அவர்களோடு சேர்ந்து வேதம் கேட்கவும் வழிபடவும் வேண்டும் என்றும் மன்றாடி எழுதியது. சமவெளி முதல் பாதியைக் கேட்டுக்கொண்டது. இரண்டாவது பாதியைக் கேட்கவில்லை. தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனிக் கூடம், தனி நேரம், பிற்பாடு தனிக் குருக்கள் என்று போயிற்று. 1640க்குப் பிறகு பண்டாரசாமிகள் என்ற பெயரில் பிற குலத்தாரிடம் சென்ற குருக்கள் உண்டானது அதன் விளைவுதான்.

ஆனாலும் அந்தப் பக்கத்திலும் பாடத்தைத் தூக்கிச் சென்றவர்கள் பெரியவர்களே. பறையர்களுக்குக் குருமாராக இருந்த வள்ளுவர் குலத்துப் பண்டாரம் ஒருவர் நொபிலியிடம் வேதம் கேட்டு ஞானஸ்நானம் பெற்றார். பிறகு தம் மக்களிடம் தாமே போதகராகப் போனார். நாயக்கர் வீட்டைவிட அவர் வழியாக வந்தவர்களின் கூட்டம் பெரிது. வரலாற்றுப் புத்தகங்கள் நாயக்கருக்குக் கொடுக்கும் இடத்தை இவருக்குக் கொடுப்பதில்லை. எனக்கு அது வருத்தம்.

அவரைப் போன்றவர்களைத்தான் வேதியர் என்றும் உபதேசியார் என்றும் அழைத்தார்கள். இந்தச் சமவெளியின் கிறிஸ்தவக் கல்வி உண்மையில் அவர்கள் கைவேலை. ஒரு குருவுக்கு எத்தனையோ ஊர்கள். ஓர் ஊருக்கு அவர் வருடத்தில் சில நாள் வந்தாலே பெரிது. மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சனத்தைக் கூட்டிச் செபம் சொல்லுவார். அவர் ஒரு வரி சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்லும். ஏடு அவர் கையில் மட்டும் இருக்கும். மற்றவர்களுக்குக் காதும் நாவும்தான் புத்தகம். உழுதுவிட்டு வந்தவர், நெசவுத் தறியை விட்டு எழுந்து வந்தவர், இடுப்பில் குழந்தையோடு நிற்கிற தாய் எல்லாரும் ஒரே குரலில் பத்துக் கற்பனைகளைச் சொல்லுவார்கள். சாகக்கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், புருஷன் பெண்சாதி சண்டையைத் தீர்ப்பதும், புதிதாகச் சேர வந்தவருக்கு வாரக்கணக்கில் பாடம் சொல்லுவதும் அவர் வேலை. குரு வரும்போது அவர்களைக் கேள்வி கேட்டுப் பார்ப்பார். தேறினால்தான் ஞானஸ்நானம்.

இவ்வளவு பொறுப்பு சுமக்கிறவருக்கு வழிகாட்டி வேண்டும் என்று உணர்ந்தவர் வீரமாமுனிவர். ஏலாக்குறிச்சியில் இருந்துகொண்டு 1720களில் அவர் எழுதிய வேதியர் ஒழுக்கம் முழுக்க முழுக்க உபதேசியாருக்கான நூல். தேம்பாவணியை எல்லாரும் அறிவார்கள். எளிய உரைநடையில் எழுதிய இந்தச் சிறுநூலை அறிந்தவர்கள் குறைவு. மற்றவருக்குச் சொல்லித் தருகிறவன் முதலில் தான் கற்றபடி நடக்கிறானா என்பதே அதில் அவருக்குக் கவலை. கற்பிப்பவரின் வாழ்க்கையைப் பாடத்திட்டத்தின் முதல் பகுதியாக வைத்த புத்தகம் அது.

1773இல் ரோம் இயேசு சபையைக் கலைத்தது. மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸ் வேதபோதகச் சபைக் குருக்கள் புதுச்சேரியிலிருந்து பொறுப்பை ஏற்றார்கள். ஆனால் ஆட்கள் போதவில்லை. அதே காலத்தில் ஹைதர் அலிக்கும் திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போர்களில் சேலம் சீமை மிதிபட்டது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி கம்பெனி கைக்கு வரும்வரை அமைதி இல்லை. குரு முகத்தையே காணாமல் வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். அந்த இடைவெளியிலும் சமவெளியில் சபைகள் மிஞ்சின என்றால் உபதேசியார்களையும், அவர்களிடம் கேட்டதை வீட்டில் இரவு செபமாகத் தினமும் சொல்ல வைத்த தாய்மார்களையும்தான் காரணமாகச் சொல்ல முடியும். 1930 மே 26 அன்று சேலம் தனி மறைமாவட்டமாகி ஹென்றி புரூனியே முதல் ஆயராக வந்தபோது, அவருக்குக் கிடைத்தது இவர்கள் காப்பாற்றி வைத்திருந்த மக்கள்.

சீர்திருத்தத் திருச்சபைகள் இந்தச் சமவெளிக்கு வந்தது தாமதமாக. தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1706லேயே வந்து இறங்கி, லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கி அச்சிட்டுவிட்டார். அந்தப் புத்தகம் 1529இல் ஜெர்மனியில் வெளிவந்தபோதே குடும்பத்தலைவர் தம் வீட்டாருக்கு இதைச் சொல்லித் தர வேண்டும் என்ற குறிப்போடுதான் வந்தது. சேலத்தில் லண்டன் மிஷன் 1827இல் ஹென்றி கிறிஸ்ப்போடு தொடங்குகிறது. 1840இல் வந்த லெக்லர் தொழிற்பள்ளி நடத்தினார். தச்சும் வேதமும் ஒரே வளாகத்தில். அவருக்குத் தனிப் பகுதியே வேண்டும் என்பதால் இங்கே கடந்து போகிறேன்.

ஆனால் அந்த நூற்றாண்டில் நடந்த ஒரு மாற்றத்தைச் சொல்லாமல் போக முடியாது. இங்கிலாந்தில் 1780இல் குளௌசெஸ்டர் நகரத்து ராபர்ட் ரெய்க்ஸ், வாரமெல்லாம் வேலை செய்யும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை எழுத்துச் சொல்லித்தரத் தொடங்கியது உலகமெங்கும் பரவியது. வேல்ஸ் நாட்டில் அதைப் பெரியவர்களுக்கும் திறந்து விட்டார்கள். சுரங்கத் தொழிலாளியும் கிழவியும் பிள்ளைகளோடு ஞாயிறு பள்ளியில் உட்கார்ந்து வாசிக்கக் கற்றார்கள். நமக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் பிள்ளைகள் வடிவம். 1876இல் இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் உண்டான பிறகு பாடப்புத்தகம், வகுப்பு, தேர்வு, பரிசு என்று ஓய்வுநாள் பள்ளி ஒழுங்காக அமைந்தது. நல்ல வேலைதான். ஆனால் பிள்ளைக்கு வகுப்பு, பெரியவருக்குப் பிரசங்கம் என்ற பிரிவும் கூடவே நிலைத்துவிட்டது. பிரசங்கத்தில் கைதூக்கிக் கேள்வி கேட்க முடியாது. திருமங்கல நாயக்கர் காலத்துப் பெரியவருக்கு இருந்த உரிமை, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பெரியவருக்கு இல்லாமல் போயிற்று. பெண்களுக்கு மட்டும் பைபிள் உமன்கள் வீடு வீடாகப் போய் எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுத்தார்கள். அடுப்படியில் நடந்த அந்த வகுப்புகள்தான் பழைய முறையின் மிச்சம்.

இப்போது மறுபடியும் சேந்தமங்கலம். 1907இல் இங்கே வந்தவர் ஜெசி பிராண்ட், 1861இல் இங்கிலாந்தில் உண்டான ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த இளைஞர். கட்டடத் தொழில் செய்த குடும்பம். லண்டனில் மருத்துவமும் ஓரளவு பயின்றிருந்தார். அவர் கண் மேலே, கொல்லிமலை மேல் இருந்தது. 1913இல் ஈவ்லின் ஹாரிஸை மணந்துகொண்டு மலைக்குப் போனார். சமவெளியில் மரத்தை அறுத்துப் பலகையாக்கி, ஆள்தலையில் சுமக்க வைத்து, வாழவந்தி நாட்டில் வீடு கட்டினார்.

பல வருடம் ஒருவரும் சேரவில்லை. மலைவாழ் மக்கள் மருந்துக்கு வந்தார்கள், காய்ச்சலுக்கு வந்தார்கள், பல் பிடுங்க வந்தார்கள். வேதத்துக்கு வரவில்லை. பிராண்ட் தம்பதிகள் அதற்காக மருந்தை நிறுத்தவும் இல்லை, பாடத்தை நிறுத்தவும் இல்லை. அந்தக் காலத்தில் நரம்புச் சிலந்தி மக்களைப் படுத்தி எடுத்தது. கால் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் நீளமான புழு. ஜெசி அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல், நாளுக்குக் கொஞ்சமாக இழுத்து எடுப்பார். எடுத்துக்கொண்டே, தண்ணீரில் காலை வைக்காதீர்கள், வடிகட்டிக் குடியுங்கள் என்று சொல்லுவார். சொன்னதோடு நிற்காமல், கால் நனையாமல் தண்ணீர் எடுக்கும்படி சுற்றுச்சுவரோடு கிணறு கட்டிக் காட்டினார். மலைப் பெரியவர்களுக்கு அவர் நடத்திய முதல் வகுப்பு அதுதான். ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தையும் புழு எடுக்கும் பாடத்தையும் அவர் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1918–19இல் உலகையே உலுக்கிய இன்ஃபுளுயன்சா மலைக்கும் ஏறியது. பயந்துபோன ஊர்கள் நோயாளிகளை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போயின. பிராண்ட் தம்பதிகள் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போய் ஊட்டினார்கள். அவர்களை அதுவரை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவரும் நோயில் விழுந்தார். அருகே வந்தவர்கள் இவர்கள் இருவர் மட்டுமே. அவர் சாகும்முன் விசுவாசத்தை ஏற்றுக்கொண்டு, தம் குழந்தைகளை இவர்களிடம் ஒப்படைத்தார். அதற்குப் பிறகுதான் மலையில் மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். ஒரு கொள்ளைநோயின் நடுவில், உயிர் போகிற நேரத்தில் ஒரு பெரியவர் எடுத்த முடிவு, ஐந்தாறு வருடம் காது கொடுத்துக் கேட்டும் ஏற்காமல் வைத்திருந்த பாடத்தின் பலன்.

கல்வி அங்கே இரு வழியிலும் நடந்தது. 1914இல் பிறந்து அந்த வீட்டில் வளர்ந்த பால் பிராண்ட் பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்றார். சிறுவயதில் மலையில் தான் கற்ற ஒரு பாடத்தை அவர் கட்டுரையாக எழுதியிருக்கிறார். படிக்கட்டு வயல்களில் தவளை பிடித்து விளையாடிய பிள்ளைகளை ஒரு முதியவர் கூப்பிட்டார். வரப்பை மிதித்து உடைத்ததால் கலங்கி வழியும் தண்ணீரைக் காட்டி, ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளி, இந்த மண் போனால் சோறு இல்லை என்று விளக்கினார். மிஷனரி வீட்டுப் பிள்ளைக்கு மலைவாழ் பெரியவர் ஆசிரியர். படைப்பைக் காப்பதைப் பற்றிப் பிற்காலத்தில் பால் பிராண்ட் பேசியதற்கெல்லாம் வேர் அங்கே இருந்தது.

ஜெசி 1929 ஜூனில் மலைக் காய்ச்சலின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலையிலேயே அடக்கம் செய்தார்கள். ஈவ்லின் இங்கிலாந்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். 1947இல், அறுபத்தெட்டு வயதில், மிஷன் அவரை ஓய்வுபெறச் சொன்னது. ஓய்வு வாங்கிக்கொண்டு அவர் இங்கிலாந்துக்குப் போகவில்லை. தாமாகவே கொல்லிமலைக்கு ஏறிவிட்டார். கணவரோடு சேர்ந்து ஐந்து மலைத்தொடர்களுக்கு வேதம் சொல்ல நினைத்த திட்டம் பாக்கி இருந்தது. மட்டக்குதிரையில் உட்கார்ந்து, நடக்க முடியாத வயதிலும் கோலூன்றி, கல்வராயன், பச்சைமலை என்று ஊர் ஊராகப் போனார். மலை முழுக்க அவர் பாட்டி. 1974 டிசம்பரில் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும்வரை அந்த வகுப்பு நடந்தது. வயதான பெண் வயதானவர்களுக்குச் சொல்லிய வகுப்பு. கணவர் பக்கத்தில் அவரையும் அடக்கம் செய்தார்கள்.

அவர் மலையில் திரிந்த அந்த வருடங்களில் கீழே சமவெளியில் வேறு காற்று வீசத் தொடங்கியிருந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950இல் சேலத்தையும் உள்ளடக்கிய கோயம்புத்தூர் பேராயத்துக்கு, பக்தி மார்க்கத்தின் வழியாகக் கிறிஸ்துவைப் பேசிய அ. யே. அப்பாசாமி முதல் பேராயரானார். கத்தோலிக்கர்களிடையே இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, புதுச்சேரிப் பக்கத்துக் கல்லேரியில் பிறந்த அமலோற்பவதாஸ் அடிகளார் 1967இல் பெங்களூரில் நிறுவிய தேசிய விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நிலையம், பாடத்தை மறுபடியும் பெரியவர்கள் பக்கம் திருப்பியது. 1971இல் அதே பெங்களூரில் தொடங்கிய தாஃப்டீ (TAFTEE) என்ற இறையியல் கல்வி அமைப்பு, அலுவலகம் போகிறவர்களும் இல்லத்தரசிகளும் வேலையை விடாமல் இறையியல் படிக்க வழி செய்தது. வீட்டில் படித்துவிட்டு வாரம் ஒருநாள் கூடி விவாதிக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அன்பியக் கூட்டங்களில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி வேதத்தை வாசித்து, கேட்டு, பேசுகின்றன. சேலத்தில் ஒரு நாயக்கர் வீட்டில் நடந்ததும் அதுதான். ஒரு வேறுபாடு, இப்போது எந்த வீட்டில் கூடுகிறோம், அந்த வீட்டுக்கு எல்லாரும் வருகிறார்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது. கிரகோரியின் கடிதத்தில் கேட்கப்படாமல் போன அந்தப் பாதியைப் பல ஊர்களில் இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்த பகுதியில் திண்டிவனம் போவோம். தமிழ்நாட்டு மறைக்கல்விப் பணியாளர்கள் பயின்ற அந்த நிலையத்தையும், அங்கிருந்து சேலத்துப் பங்குகளுக்குத் திரும்பிய உபதேசியார்களையும் பார்ப்போம். லெக்லரின் தொழிற்பள்ளி அதற்கு அடுத்து.

(தொடரும்)